ஒளி பட்டால் வழிவிடும் உப்பு

"தாத்தா, கரிமப் பொருள் மின்சாரத்தைக் கடத்துமா?" என்று ஸ்ரீவராகம் வீட்டில் பேரன் கேட்டான். "கடத்தாது" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ரயில்வேயில் மின்கம்பிக்கு உறையாக ரப்பரையும் பிளாஸ்டிக்கையுமே பார்த்துப் பழகியவன் நான். பிறகு படித்தபோதுதான் தவறு புரிந்தது.

உப்பு என்றால் சமையலுப்பு மட்டுமல்ல. நேர், எதிர் மின்னூட்டம் கொண்ட கரிம மூலக்கூறுகள் சேர்ந்தாலும் உப்புதான். டி.டி.எஃப். – டி.சி.என்.கியூ. என்னும் அத்தகைய படிகம் உலோகம்போல் மின்சாரம் கடத்துவதை 1973இல் அமெரிக்காவில் கண்டார்கள். அதில் தட்டையான மூலக்கூறுகள் அப்பளக் கட்டுபோல் அடுக்கியிருக்கும். தண்டவாளத்தின் மேல் ரயில்போல, எலெக்ட்ரான்கள் அடுக்கின் வழியே எளிதாக ஓடும். குறுக்கே போவது கடினம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இ.டி.ஓ. – டி.டி.எஃப். உப்பு ஒன்று உண்டு. சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதன் மூலக்கூறுகள் சில வளைந்துவிடும். மின்னூட்டம் ஆங்காங்கே தங்கிப் பாதை அடைபடும். அப்போது லேசர் ஒளியைப் பாய்ச்சினால், விநாடியில் லட்சம் கோடியில் ஓரிரு பங்கு நேரத்தில் நன்கு கடத்தும் நிலைக்கு மாறுகிறது என்று 2005இல் ஜப்பானில் ஆய்வு செய்தவர்கள் அறிவித்தார்கள்.

படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படிக் கிடக்கின்றன என்பதைக் காந்தத்தைக் கொண்டு 1930களிலேயே ஆராய்ந்தவர், வத்திராயிருப்பில் பிறந்த நம் கே.எஸ். கிருஷ்ணன்.

பேரனிடம் பதிலைத் திருத்திச் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், பொருள் எது என்பதோடு அடுக்கு எப்படி என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.