பஃப்ஸ் உப்புவது எப்படி?

சாயங்கால நேரத்தில் தமிழ்நாட்டு பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிக்கு வந்து சேரும் முட்டை பஃப்ஸில் ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடரும் தேவையில்லை. மைதா, உப்பு, தண்ணீர், கொழுப்பு, அவ்வளவுதான். ஆனாலும் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த மாவு ஓவனுக்குள் பல மடங்கு உயர்ந்து ஏடு ஏடாகப் பிரிகிறது.

தூக்கிவிடுவது நீராவி.

பிசைந்த மாவின் நடுவே தட்டையாக்கிய வெண்ணெயை வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து, துவைத்த வேட்டியைப்போல மூன்றாக மடிக்கிறார்கள். மறுபடி தேய்த்து மறுபடி மடிக்க, வெண்ணெய் அடுக்குகள் 3, 9, 27, 81 என்று ஏறுகின்றன. பிரெஞ்சுக்காரர்களின் பழைய கணக்குப்படி ஆறு மடிப்புக்கு 729 அடுக்குகள். ஓவன் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள தண்ணீர் ஆவியாகி, ஏறத்தாழ 1,600 மடங்கு பெருக்கிறது. இருபுறமும் கொழுப்பு மறித்து நிற்பதால் சட்டென்று தப்ப வழியில்லாத அந்த ஆவி, ஒவ்வோர் ஏட்டையும் மேலே தள்ளுகிறது. மைதாவின் குளூட்டன் இழுத்த இழுப்புக்கு வந்து, பிறகு வெந்து இறுகிவிடுகிறது. உருகிய வெண்ணெய் ஏடுகளைப் பொரித்து மொறுமொறுப்பாக்குகிறது.

இத்தனையும் நடக்க வேண்டுமானால், ஓவனுக்குள் போகும்வரை வெண்ணெயும் மாவும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. நம் ஊரில் சிரமம் இங்கேதான். வெண்ணெய் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். இளகுவது அதற்கும் வெகு முன்பே. மே மாதச் சமையலறையில் அது மாவுக்குள் ஊறி, பஃப்ஸுக்குப் பதிலாக பிஸ்கட்போல் ஒன்று கிடைக்கும். பேக்கரிகள் மார்கரினை நாடுவதற்கு விலை மட்டும் காரணமல்ல. பஃப்ஸுக்கென்று வரும் மார்கரின் அந்தச் சூட்டிலும் கெட்டியாக நிற்கும். ஆனால் அது வாய்ச் சூட்டிலும் முழுதாகக் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டுகிறது. வீட்டில் மெனக்கெடுவதே நல்ல வெண்ணெயின் ருசிக்காகத்தான்.

கால் கிலோ மைதாவுக்கு அரை டீஸ்பூன் உப்பு, சுமார் 125 மில்லி குளிர்ந்த தண்ணீர், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, 200 கிராம் வெண்ணெய். விடிகாலையில் தொடங்குவது நல்லது. இரண்டு மடிப்புக்கு ஒருமுறை மாவை மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெண்ணெய் இறுகும், குளூட்டனும் தளரும். வீட்டுக்கு நான்கு மடிப்பே தாராளம்.

மசாலா நன்றாகச் சுண்டி, ஆறியிருக்க வேண்டும். ஈரமாகவோ சூடாகவோ வைத்தால் அடிப்பாகம் வேகாமல் கொழகொழத்துவிடும். வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டி வதக்கி, மிளகாய்த்தூள், கரம் மசாலா சேர்த்து, மேலே அவித்த முட்டையில் பாதியை வைப்பது பேக்கரி வழக்கம். தேய்த்த மாவைக் கூரான கத்தியால் ஒரே அழுத்தில் சதுரங்களாக வெட்ட வேண்டும். மேலே தடவும் முட்டைக் கலவை வெட்டிய ஓரங்களில் வழியக் கூடாது. இரண்டில் எது பிசகினாலும் ஏடுகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது.

முன்கூட்டியே 200 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில் 20 முதல் 25 நிமிடம். சூடு குறைந்தால் ஆவி கிளம்பும் முன்பே வெண்ணெய் தட்டில் ஓடிவிடும். ஓரங்களும் நன்கு சிவக்கும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

காய்கறி மசாலா வைத்தவற்றைச் சுடாமலேயே ஃப்ரீசரில் ஒரு மாதம் வைத்திருந்து, விருந்தாளி வரும்போது நேராக ஓவனில் வைக்கலாம். ஐந்து நிமிடம் கூடுதலாகும். முட்டை பஃப்ஸை மட்டும் அப்படி வைக்காதீர்கள், உறைந்த வெள்ளைக்கரு ரப்பராகிவிடும்.