பெருநகர வளர்ச்சியும் அக்கம்பக்க வாழ்வும்: சென்னையை முன்வைத்து ஒரு சமூகவியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நகரம் வளருந்தோறும் அக்கம்பக்க உறவு தேயும் என்பது பரவலான எண்ணம். இவ்வெண்ணம் சமூகவியலில் தோன்றிய விதத்தையும் பின்னர் திருத்தம் பெற்ற விதத்தையும் இக்கட்டுரை விளக்கி, சென்னை மாநகரின் வளர்ச்சியோடு பொருத்திப் பார்க்கின்றது. அக்கம்பக்கம் என்பது கிராமத்திலிருந்து நகரத்துக்குக் கொண்டுவரப்பட்ட எச்சமன்று. தண்ணீர், கைமாற்று, குழந்தை வளர்ப்பு, வேலை ஆகிய அன்றாடத் தேவைகளால் நகரத்திலேயே உருவாகும் ஏற்பாடு ஆகும். குடியிருப்பை இடம் மாற்றும் திட்டங்கள் வீட்டை மட்டும் கணக்கிட்டு இவ்வேற்பாட்டைக் கணக்கிடாது விடும்போது, ஏழைக் குடும்பங்களின் வாழ்வாதாரத்தில் ஒரு பகுதி அழிந்துபோகின்றது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: அக்கம்பக்கம், நகரமயமாதல், சென்னை, மறுகுடியமர்வு, சாதி, வாழ்வாதாரம்.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 48.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். அதே ஆண்டில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. நகர எல்லையை ஓர் அரசாணையால் விரிவாக்கிவிட முடிகின்றது. ஆனால் அவ்வெல்லைக்குள் ஒரு தெருவில் வாழ்வோர் ஒருவரையொருவர் அறிந்து, நம்பி, உதவிக்கொள்ளும் நிலை உருவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. நகர வளர்ச்சியின் இவ்விரு வேகங்களுக்கும் இடையிலான இடைவெளியே அக்கம்பக்க வாழ்வு பற்றிய ஆய்வுக்குக் களமாகின்றது.

1. சொல்லும் பொருளும்

தமிழில் ‘அயல்’ என்னும் சொல் அருகிலுள்ள இடத்தையும் குறிக்கும், அந்நியத்தையும் குறிக்கும். ‘அயலார்’ என்பவர் பக்கத்து வீட்டினராகவும் இருக்கலாம். உறவல்லாத வேற்றாராகவும் இருக்கலாம். அருகில் இருந்தும் உறவினர் அல்லாத ஒருவரோடு கொள்ளும் தொடர்பே அக்கம்பக்கம் என்பதை இச்சொல் தன்னுள் கொண்டுள்ளது. அந்நியர் குறித்து 1908இல் எழுதிய ஜெர்மானியச் சமூகவியலாளர் கியார்க் சிம்மெல், அண்மையும் சேய்மையும் ஒருசேர அமைந்த உறவாக அந்நியர் நிலையை விளக்கினார். அவர் கோட்பாடாக வகுத்ததைத் தமிழ் ஒரு சொல்லின் இருபொருளில் வைத்திருக்கின்றது.

‘சேரி’ என்னும் சொல்லின் வரலாறு வேறொன்றை உணர்த்துகின்றது. பழந்தமிழில் பலர் சேர்ந்து வாழும் குடியிருப்பைப் பொதுவாகச் சுட்டிய இச்சொல், பிற்காலத்தில் ஒடுக்கப்பட்டோர் வாழிடத்துக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. யார் யாருக்கு அயலாராக இருக்கலாம் என்பதைச் சாதி முன்கூட்டியே வரையறுத்திருந்தது என்பதற்கு இவை சான்றாகின்றன. ஆதலால் தமிழ்ச் சூழலில் அக்கம்பக்கத்தை இணக்கத்தின் களமாக மட்டும் கொள்வது பொருந்தாது.

2. கோட்பாட்டுப் பின்புலம்

தொழிற்புரட்சிக்குப் பிந்தைய ஐரோப்பிய நகரங்களைக் கண்ட முன்னோடிச் சமூகவியலாளர்கள், நகரம் உறவுகளைச் சிதைக்கின்றது என்றே கருதினர். பெர்டினாண்ட் டோனீஸ் 1887இல் இயல்பான பிணைப்புடைய சமுதாயத்தையும், பயன் கருதி அமையும் சமூகத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். சிகாகோ சிந்தனைப் பள்ளியைச் சார்ந்த லூயிஸ் வர்த் 1938இல் வெளியிட்ட கட்டுரையில், மக்கள்தொகைப் பெருக்கம், அடர்த்தி, பன்மைத்தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து நகர உறவுகளை மேலோட்டமானவையாக ஆக்குகின்றன என்றார்.

இக்கருத்தைக் கள ஆய்வுகள் மறுத்தன. மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் ஆகியோர் கிழக்கு இலண்டனின் பெத்னல் கிரீன் பகுதியை ஆராய்ந்து 1957இல் வெளியிட்ட நூலும், ஹெர்பர்ட் கான்ஸ் பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதியை ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட நூலும், பெருநகரத்தின் நடுவிலும் நெருங்கிய அக்கம்பக்க வாழ்வு நிலைத்திருப்பதைக் காட்டின. 1979இல் பேரி வெல்மன் இவ்விவாதத்தை மூன்று நிலைப்பாடுகளாகத் தொகுத்தார்: சமூகம் தொலைந்தது என்பது ஒன்று, காக்கப்பட்டது என்பது மற்றொன்று, இடத்தின் கட்டிலிருந்து விடுபட்டு நகர் முழுவதும் பரவிய தொடர்புகளாக மாறியது என்பது மூன்றாவது.

இம்மூன்றும் ஒரே நகரத்தில் வெவ்வேறு வர்க்கத்தாருக்கு உண்மையாக இருத்தல் கூடும். வாகனமும் வருவாயும் உடையோர் தம் உறவுகளைத் தொலைவிலும் பேணிக்கொள்வர். நடந்து செல்லும் தொலைவுக்குள் பிழைப்பு நடத்துவோருக்கு இடமே உறவின் அடிப்படையாகின்றது. சென்னையை ஆராய்வதற்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

3. சென்னையின் அக்கம்பக்க வகைகள்

சென்னை ஒரே மையத்திலிருந்து பரவிய நகரமன்று. பல ஊர்கள் இணைந்து உருவானது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவொற்றியூர் போன்றவை 1639இல் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே கோயிலையும் குளத்தையும் சுற்றி அமைந்த ஊர்கள். இங்கு மாடவீதிகளே அக்கம்பக்கத்தின் வடிவத்தை முடிவு செய்தன. இரண்டாம் வகை, தொழிலால் உருவான பேட்டைகள். சிந்தாதிரிப்பேட்டை 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்கென உருவாக்கப்பட்டது. இவ்வகைப் பகுதிகளில் தொழிலும் சாதியும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

மூன்றாம் வகை, திட்டமிட்டு அமைக்கப்பட்ட நகர்கள். 1920களில் மாம்பலம் ஏரிப் பரப்பில் உருவான தியாகராய நகரும், 1968ஆம் ஆண்டு உலக வர்த்தகக் கண்காட்சிக்குப் பின் வளர்ந்த அண்ணா நகரும் இதற்கு எடுத்துக்காட்டுகள். நான்காம் வகை, கடற்கரைக் குப்பங்களும் ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடிசைப்பகுதிகளும் ஆகும். ஐந்தாவதாக, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டித் தகவல் தொழில்நுட்ப வளர்ச்சியால் எழுந்த, சுற்றுச்சுவரும் காவலும் உடைய அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சுட்டலாம்.

4. அக்கம்பக்கம் ஆற்றும் பணிகள்

முதலாவது, பற்றாக்குறையைப் பகிர்தல். தெருக்குழாயோ தண்ணீர் லாரியோ நீர் தரும் பகுதிகளில், வரிசையில் வைக்கப்பட்ட குடம் அதன் உரிமையாளர் வரும்வரை அவருக்குரிய இடத்தைக் காக்கின்றது. இது எழுதப்படாத விதி. அதை மீறுவோரைத் தெருவே தட்டிக் கேட்கும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகரின் குடிநீர் ஏரிகள் ஏறத்தாழ வறண்டபோது, இவ்விதிகள் உறவையும் வளர்த்தன, சண்டையையும் வளர்த்தன. குழாயடிச் சண்டை என்னும் வழக்கே அந்த இடம் பெண்களின் பொதுவெளியாக விளங்கியதை உணர்த்தும்.

இரண்டாவது, கடனும் நம்பிக்கையும். வங்கி கேட்கும் பிணையம் இல்லாதவருக்குக் கைமாற்றும், ஏலச்சீட்டும், பெட்டிக்கடைக் கணக்கும் துணையாகின்றன. இவை மூன்றும் ஒருவர் எங்கு வாழ்கிறார், எத்தனை ஆண்டுகளாக வாழ்கிறார் என்பதை அறிந்தோரிடமே கிடைப்பவை.

மூன்றாவது, வேலைச் செய்தி. நெருங்கிய உறவினரைவிட ஓரளவு பழக்கமுடையோர் வழியே புதிய வேலை பற்றிய செய்தி மிகுதியாகக் கிடைக்கின்றது என மார்க் கிரானோவெட்டர் 1973இல் விளக்கினார். வீட்டு வேலை செய்யும் பெண்கள், கட்டடத் தொழிலாளர்கள், சுமை தூக்குவோர் ஆகியோருக்கு அச்செய்தி தெருமுனையிலும் தேநீர்க்கடையிலும் கிடைக்கின்றது.

நான்காவது, கண்காணிப்பும் பராமரிப்பும். ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல், தெருவில் நடமாடுவோர், கடைக்காரர்கள், சன்னலோரம் இருப்போர் ஆகியோரின் பார்வையே தெருவைப் பாதுகாக்கின்றது என்றார். தாய் வேலைக்குச் சென்றபின் பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி சோறு போடுவது பண்பாடு மட்டுமன்று. அத்தாயின் வருமானத்தைச் சாத்தியமாக்கும் பொருளாதார ஏற்பாடும் ஆகும்.

இடர்க்காலத்தில் இப்பணிகள் தெருவைத் தாண்டியும் விரிகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலோரக் குப்பங்களின் மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து, தாம் அறியாத நகர்வாசிகளை மீட்டனர்.

5. நெருக்கத்தின் மறுபக்கம்

அறிந்தோர் உதவுவர்; அறிந்தோரே கட்டுப்படுத்தவும் செய்வர். பெண்ணின் நடமாட்டம், உடை, நட்பு ஆகியவை தெருவின் பேச்சுக்கு உள்ளாகின்றன. வாடகைக்கு வீடு தேடுவோரிடம் உணவுப் பழக்கத்தைக் கேட்பது, பல நேரங்களில் சாதியையும் மதத்தையும் கேட்பதன் மறைமுக வடிவமாகும். தலித் மக்களும் முசுலிம்களும் தனித்து வாழும் பெண்களும் இதனால் குறிப்பிட்ட சில பகுதிகளுக்குள் ஒதுக்கப்படுகின்றனர்.

நகரின் முகமறியாத் தன்மை இவர்களுக்கு விடுதலையாகவும் அமைகின்றது. ஊரில் சாதிப்பெயரால் அழைக்கப்பட்ட ஒருவர் நகரத் தெருவில் தம் பெயரால் அறியப்படுகின்றார். எனவே அக்கம்பக்கம் குறைந்தால் இழப்பு, மிகுந்தால் நன்மை என்னும் எளிய சமன்பாடு இங்குச் செல்லாது. யாரையெல்லாம் அயலாராக ஏற்கிறது என்பதை வைத்தே ஓர் அக்கம்பக்கத்தை மதிப்பிடல் வேண்டும்.

6. இடமாற்றமும் இழப்பும்

1970இல் தமிழ்நாடு குடிசைப்பகுதி மாற்று வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. 2021இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. வாரியம் தொடக்கக் காலத்தில் பல பகுதிகளில், மக்கள் வாழ்ந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டித் தந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய தென்புறப் பகுதிகளில் பெருந்தொகுதிகளாக வீடுகள் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன.

வெள்ள அபாயமுள்ள கரையிலிருந்து உறுதியான கூரையின்கீழ் செல்வது பாதுகாப்பே. ஆயினும் மேலே கூறிய நான்கு பணிகளையும் இங்குப் பொருத்திப் பார்த்தால் இழப்பின் அளவு புலப்படும். வீட்டு வேலை செய்த பெண், நடந்து சென்ற தொலைவுக்கு இப்போது பேருந்துக் கட்டணமும் சில மணி நேரமும் செலவிட நேர்கின்றது. குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கப்படும்போது ஒரே தெருவினர் வெவ்வேறு தொகுதிகளுக்கும் மாடிகளுக்கும் பிரிகின்றனர். குழந்தையைப் பார்த்துக்கொண்ட அயலார் இல்லை. கைமாற்றுத் தந்தவர் இல்லை. கடைக் கணக்குக்கு முகவரி புதிது. முகவரியின் பெயரே வேலை தேடுவோருக்குத் தடையாவதும் உண்டு.

இதே இழப்பை மேலைநாட்டு ஆய்வுகளும் பதிவு செய்துள்ளன. பெத்னல் கிரீனிலிருந்து புறநகர் வீடுகளுக்குச் சென்றோர் வசதியான வீட்டைப் பெற்றனர். உறவினரையும் அண்டையாரையும் இழந்து தனிமையுற்றனர். வெஸ்ட் எண்ட் பகுதி இடிக்கப்பட்டபின் அங்கு வாழ்ந்தோரின் மனநிலையை ஆராய்ந்த மார்க் ஃபிரைடு, அது நெருங்கியவரை இழந்தோரின் துயரத்தை ஒத்திருந்ததாக 1963இல் எழுதினார். நாடும் பண்பாடும் வேறாயினும் விளைவு ஒத்திருப்பதற்கு, வீட்டையும் அக்கம்பக்கத்தையும் ஒன்றெனக் கருதிய திட்டமிடலே காரணம் எனலாம்.

முடிவுரை

நகரத்தில் அக்கம்பக்கம் அழிந்துவிடவில்லை. வர்க்கத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அது வேறுவேறு வடிவம் கொள்கின்றது. வசதி படைத்தோருக்கு அது விருப்பமாகவும், ஏழைகளுக்கு வாழ்வாதாரமாகவும் உள்ளது. ஆகவே அதன் இழப்பும் இருசாராருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. இயன்றவரை வாழும் இடத்திலேயே வீடு கட்டித் தருதல், இடமாற்றம் தவிர்க்க இயலாதபோது ஒரு தெருவினரை ஒரே தொகுதியில் குடியமர்த்துதல், சாதி சார்ந்த பழைய பிரிவினை அவ்வாறு செய்வதால் உறுதிப்படாதவாறு காத்தல் ஆகியன திட்டமிடுவோர் கருத வேண்டியவை. 1992ஆம் ஆண்டு 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வழிவகுத்த வார்டு குழுக்களும், தமிழ்நாட்டில் 2022இல் விதிகள் பெற்ற பகுதி சபைகளும் இவற்றை விவாதிக்கும் களங்களாகலாம். ஒரு குடியிருப்புத் திட்டத்தின் பயனைக் கட்டப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்காமல், அங்குக் குடியேறியவர் அவசரத்துக்கு எத்தனை கதவுகளைத் தட்ட முடிகின்றது என்பதாலும் அளக்கும் ஆய்வுகள் தமிழில் பெருக வேண்டும்.