விரிசல் விட்ட மீன்தொட்டி: ஒட்டுவதா, மாற்றுவதா?



சிங்கப்பூரில் பல வீடுகளின் வரவேற்பறையில் ஒரு மீன்தொட்டியைப் பார்க்கலாம். சிலர் கப்பியும் தங்கமீனும் வளர்க்கிறார்கள். சிலர் லுவோஹான், அரவானா என்று பெரிய மீன்களுக்காகவே நான்கடி, ஐந்தடித் தொட்டி வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அந்தத் தொட்டியின் கண்ணாடியில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது, அல்லது அடியில் விரித்த துணி ஈரமாக இருக்கிறது. உடனே வீட்டில் விவாதம் தொடங்கிவிடுகிறது. ஒட்டிப் பார்க்கலாம் என்கிறார் ஒருவர். புதிது வாங்கிவிடலாம் என்கிறார் இன்னொருவர்.

பெரும்பாலோர் இதை விலைக் கணக்காக மட்டுமே பார்க்கிறார்கள். ஒட்டும் பசை சில வெள்ளிதான், புதுத் தொட்டிக்கோ அதைப்போல் பல மடங்கு ஆகும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். குறை கண்ணாடியில் இருக்கிறதா, இணைப்பில் இருக்கிறதா? அந்தத் தொட்டி நள்ளிரவில் உடைந்தால் என்னென்ன போகும்?

தண்ணீரின் பலம்

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 255 லிட்டர் தண்ணீர் கொள்ளும். அதாவது, தண்ணீரின் எடை மட்டுமே 255 கிலோ. முழுவதும் நிரப்பினால், முன்பக்கக் கண்ணாடியை அந்தத் தண்ணீர் ஏறத்தாழ 127 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளுகிறது. இரண்டு பேர் அந்தக் கண்ணாடியில் இரவும் பகலும் சாய்ந்து நிற்பதாக நினைத்துப் பாருங்கள்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. தண்ணீரின் உயரத்தைப் பாதியாகக் குறைத்தால் அந்த விசை கால்பங்காகக் குறைந்துவிடும். 127 கிலோ ஏறத்தாழ 32 கிலோவாகிவிடும். ஆகவே, விரிசலைக் கண்டதும் பசை தேடி ஓடாதீர்கள். முதலில் தண்ணீரைக் குறையுங்கள்.

முதல் அரைமணி நேரம்

தண்ணீரைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். விளக்கு, வடிகட்டி, காற்று பம்பு எல்லாவற்றின் சுவிட்சையும் காய்ந்த கையோடு அணைக்க வேண்டும். சுவரில் உள்ள பிளக் நனைந்திருந்தால் அதைத் தொடாமல், வீட்டின் மின்பெட்டியில் முதன்மைச் சுவிட்சை அணையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, 1985 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் கட்டாயமாக உள்ளது. பழைய வீடுகளும் 2025 ஜூலை 1ஆம் தேதிக்குள் அதைப் பொருத்த வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மீன்கள். தொட்டியின் பழைய தண்ணீரையே சுத்தமான வாளியில் பிடித்து அவற்றை அதில் விடுங்கள். வாளிக்குச் சோப்பு வாடைகூட இருக்கக்கூடாது. காற்று பம்பை வேறு அறையின் பிளக்கில் மாட்டி வாளிக்குள் விடுங்கள். மேலே ஒரு மூடி போடுங்கள். பயந்த மீன் துள்ளி வெளியே விழும்.

வடிகட்டியைக் குழாயடியில் கழுவிவிடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல கிருமிகள் அந்தப் பஞ்சிலும் கற்களிலும்தான் குடியிருக்கின்றன. அவை வளர வாரக்கணக்கில் ஆகும். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே, காற்று பம்பு ஓடும் வாளியில் போட்டு வையுங்கள். கண்ணாடியைக் கடையில் வாங்கிவிடலாம். இந்தக் கிருமிகளை ஒரே நாளில் வளர்க்க முடியாது.

குறை எங்கே?

இப்போது நிதானமாகத் தேடலாம். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, நான்கு ஓரங்களிலும் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். எது முதலில் நனைகிறது என்று பாருங்கள். சில வேளைகளில் கசிவு தொட்டியில் இருக்காது. வடிகட்டியின் குழாய் தளர்ந்திருக்கும், அல்லது குளிர்விக்கும் இயந்திரம் வைத்த தொட்டியின் வெளியே நீர் வேர்த்திருக்கும்.

கோடு தெரிந்தால் அதன் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாமல் வழுக்கினால் அது பெரும்பாலும் மேலோட்டமான கீறல். நகம் மாட்டினாலோ, ஒருபக்கமிருந்து பார்க்கும்போது கோடு கண்ணாடியின் உள்ளே வெள்ளி இழைபோல் மின்னினாலோ அதை விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளிலும் வெளிப்புறத்தில் பேனாவால் புள்ளி வைத்துவிடுங்கள். புள்ளியைத் தாண்டிக் கோடு நீண்டால் அது வளர்கிறது என்று பொருள்.

ஒட்டினால் போதுமானவை

இரண்டு கண்ணாடிகள் சேரும் இடத்தில் கசிந்தால், குற்றவாளி பழைய சிலிக்கோன். இதைத் தாராளமாகச் சரிசெய்யலாம். ஆனால், கசியும் இடத்தில் மட்டும் மேலே பூசினால் நிற்காது. காய்ந்துபோன பழைய சிலிக்கோனில் புதியது சரியாக ஒட்டாது. உட்புற ஓரம் முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

மீன்தொட்டிக்கென்றே விற்கப்படும் நூறு விழுக்காட்டுச் சிலிக்கோனைக் கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கு விற்கப்படும் வகைகளில் பூஞ்சையைக் கொல்லும் மருந்து கலந்திருப்பதுண்டு. அது மீனையும் கொல்லும். பூசியபின் குறைந்தது இரண்டு நாள், பெரிய தொட்டி என்றால் ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். கசியாவிட்டால் மறுநாள் மேலும் ஒரு பங்கு, அதற்கடுத்த நாள் முழுவதும் நிரப்பலாம்.

மாற்றியே ஆக வேண்டியவை

விரிசல் கண்ணாடியிலேயே, அதுவும் முன்பக்கத்தில் அல்லது பக்கவாட்டில் இருந்தால் ஒட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சிலிக்கோன் தண்ணீரைத் தடுக்கும். ஆனால், உடைந்த கண்ணாடிக்கு அதன் பழைய பலத்தைத் திருப்பித் தராது. தண்ணீர் தள்ளும் விசை விரிசலின் முனையில் வந்து குவிகிறது. ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அந்த விசை குறைந்து கூடுகிறது. விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடும்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அரங்கில் ஒரு பெரியவர் எழுந்தார். "என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நான் விரிசல் மேல ஒரு கண்ணாடித் துண்டை வச்சு ஒட்டினேன். நல்லாத்தான் ஓடுது," என்றார்.

"எத்தனை அடித் தொட்டி ஐயா? விரிசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"ரெண்டடித் தொட்டிதான். விரிசல் அடிப்பக்கம்."

அவர் செய்தது தவறில்லை. அடிக்கண்ணாடி முழுவதும் சமமான பலகைமேல் உட்கார்ந்திருந்தால், பலகையும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். சிறிய தொட்டியில், விரிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் சில அங்குலம் மூடும்படி உட்புறத்தில் கண்ணாடித் துண்டை ஒட்டினால் ஓரளவு நிற்கும். ஆனால், நான்கடித் தொட்டியின் முன்பக்கத்துக்குப் பின்னால் எந்தப் பலகையும் இல்லை. ஐயாவிடமும் ஒன்று சொன்னேன்: அந்தத் தொட்டியைப் பேரப்பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வைக்க வேண்டாம், தண்ணீரையும் குறைவாகவே வையுங்கள்.

உடையாத மற்றக் கண்ணாடிகள் நல்ல நிலையில் உள்ள பெரிய தொட்டி என்றால், விரிசல் விட்ட கண்ணாடியை மட்டும் மாற்றித் தரும்படி தொட்டி செய்பவர்களிடம் கேட்கலாம். அக்ரிலிக் தொட்டி வேறு வகை. அதற்குரிய கரைப்பான் பசையால் சிறு விரிசல்களைத் திறமையான ஆள் அடைத்துவிட முடியும்.

ஏன் விரிசல் விட்டது?

இதற்கு விடை தெரியாமல் புதுத் தொட்டி வாங்கினால் அதுவும் உடையும். மேசையின் நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று மட்டம் பார்க்கும் கருவியால் சோதியுங்கள். சட்டம் இல்லாத தொட்டி என்றால் அடியில் நுரைப்பாய் விரிக்க வேண்டும். ஒரு சிறு கல் அடியில் சிக்கினாலும் போதும், விரிசல் விடும். கொஞ்சம் தண்ணீர்தானே என்று நிரம்பிய தொட்டியைத் தூக்கி நகர்த்துவதும் கூடாது. உள்ளே அடுக்கும் பாறைகள் சரிந்து கண்ணாடியில் மோதாதபடி வையுங்கள்.

புதுத் தொட்டி வந்தபின்

குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பழைய வழக்கம். பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குடிநீரில் குளோராமின் சேர்க்கிறது. அது ஓரிரவில் ஆவியாகிவிடாது. அதை நீக்கும் மருந்தை அளவாக ஊற்றிய பிறகே மீனை விடுங்கள். பத்திரப்படுத்திய வடிகட்டிப் பஞ்சை அப்படியே புதுத் தொட்டியில் மாட்டுங்கள். முதல் இரண்டு வாரம் தீனியைக் குறையுங்கள்.

பழைய தொட்டியை நடைபாதையில் போட்டுவைக்காதீர்கள். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். பெரிய பொருள்களை அகற்றும் சேவைக்கு உங்கள் நகர மன்றத்தை அழையுங்கள். இனி மீனே வேண்டாம் என்று முடிவெடுத்தால், வளர்க்க விரும்பும் யாருக்காவது கொடுங்கள். நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடுவது சட்டப்படி குற்றம்.

முடிவாக

இணைப்பில் கசிந்தால் ஒட்டுங்கள். கண்ணாடியில் விரிசல் என்றால் மாற்றுங்கள். எது என்று சந்தேகம் இருந்தால், தொட்டி உடைந்தால் போகக்கூடியவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மீன்கள், தரைப்பலகை, மின்சாதனங்கள், கீழ்வீட்டுக்காரரின் கூரை, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மீன் பார்க்கும் குழந்தை. அந்தப் பட்டியலை எழுதி முடித்தபின், புதுத் தொட்டியின் விலை அவ்வளவு பெரிதாகத் தெரியாது.