ஈரல் புழுவை இனம் காண்பது எப்படி?

ஆடுமாடுகளின் பித்தநாளங்களில் தங்கி அவற்றை இளைக்கச் செய்யும் ஈரல் தட்டைப்புழுக்களில் முக்கியமானவை இரண்டு. மிதவெப்ப நாடுகளில் மிகுதியாக உள்ளது பாசியோலா ஹெபாட்டிகா. வெப்பநாடுகளில் மிகுதியாக உள்ளது, நீளம் கூடிய பாசியோலா ஜைகாண்டிகா. இவற்றின் இளம்பருவம் வளரும் நத்தைகள் வெவ்வேறானவை. ஆகவே, புழு எதுவென்று தெரிந்தால்தான் எந்த நத்தையைக் கட்டுப்படுத்துவது என்பது விளங்கும்.

அளந்து பார்த்தால் போதாதா என்பீர்கள். ஜப்பான், கொரியா, வியட்நாம் நாடுகளில் இரண்டுக்கும் இடைப்பட்ட உருவமுள்ள புழுக்களும் கிடைக்கின்றனவே!

இங்கே உதவுவது டி.என்.ஏ. சோதனை. டி.என்.ஏ.யின் ஒரு பகுதியை மட்டும் பெருக்கி, நொதியால் வெட்டி, ஜெல்லில் இட்டு மின்சாரம் செலுத்துகிறார்கள். எதிர்மின்னூட்டம் கொண்ட துண்டுகள் நேர்மின்வாயை நோக்கி நகரும். சிறியவை முந்தும், பெரியவை பிந்தும். வெட்டுமிடம் இனத்துக்கு இனம் மாறுவதால் கோடுகளும் மாறும். ஒரே புழுவில் இருவகைக் கோடுகளும் தெரிந்தால், அது கலப்பினத்தின் அடையாளம்.