தாதிய மாணவியருக்குச் சங்கம் வேண்டுமா?

தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகிய மகளிடம், "சங்கம் கிங்கம் என்று அலையாதே; படிப்பைப் பார்" என்று சொல்லியனுப்பும் பெற்றோரை மட்டக்களப்பிலே நாம் அறிவோம். அவர்தம் கவலையிலும் நியாயம் உண்டு. பகலில் வைத்தியசாலைக் கடமை, இரவில் புத்தகம்; எஞ்சும் பொழுது சிறிதே.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாவிக்கு அப்பால், படுவான்கரைச் சிற்றூர்களிலிருந்து நம்மிடம் படிக்க வரும் பெண்கள் பாடத்தில் பின்னிற்பதில்லை. வாய் திறந்து பேசவே கூசுகின்றனர். மருந்தின் அளவிலே ஐயம் தோன்றியபோது, அதனை வைத்தியரிடமோ மூத்த தாதியிடமோ கேளாது விடும் கூச்சம் நோயாளியின் உயிருக்கே உலை வைக்கும். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு தீர்மானத்தை மறுத்துப் பேசிப் பழகியவளுக்கு அக்கூச்சம் மெல்ல மெல்ல அகலும்.

மாணவ தாதியர் சங்கம் புதியதொன்றன்று. 1908இல் தோன்றிய இந்தியப் பயிற்சி பெற்ற தாதியர் சங்கத்தின் கீழ், 1929இல் மாணவருக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. அமெரிக்க மாணவ தாதியர் 1952இல் தமது தேசிய சங்கத்தைக் கண்டனர். இரண்டும் இன்றும் இயங்குகின்றன.

சந்தா செலுத்திச் சான்றிதழ் பெறுவதற்காக மட்டும் சேர்வதாயின், அப்பணத்துக்குப் புத்தகம் வாங்குதலே மேல். பரீட்சை நெருங்கும் மாதங்களிற் பதவி எதனையும் ஏலாதிருத்தலும் நன்று. மற்றபடி, முதலாண்டிலேயே சேர்ந்து, கூட்டக் குறிப்பெழுதும் வேலையைக் கேட்டுப் பெறுமாறு நம் மாணவியருக்குச் சொல்லி வருகிறோம். அதற்குப் போட்டியிட எவரும் வருவதில்லை.