விசுவாச அட்டையும் வெயிற்கால உடுப்பும்: புடைவைக்கடைச் சலுகைகள் பற்றிய ஒரு நோக்கு

ஆடை பற்றி நம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் இருவகைப்படும். பழந்தமிழர் உடைச்சிறப்பைப் பாடல்களின் துணைகொண்டு விதந்துரைப்பன ஒருவகை. இன்றைய தலைமுறையின் உடைமோகத்தைக் கண்டிப்பன மற்றொரு வகை. ஆடையை வாங்குபவரின் கைப்பணம் பற்றிய சிந்தனை இவ்விரண்டிலும் இடம்பெறுவதில்லை. ஒரு குடும்பம் எவ்வாறு உடுக்கிறது என்பதைத் தீர்மானிப்பதில் இரசனைக்கு எவ்வளவு பங்குண்டோ, அதனிலும் கூடிய பங்கு வருவாய்க்கும் விலைக்கும் கடனுக்கும் உண்டு. அண்மைக் காலத்தில் இவற்றோடு புதியதொன்று சேர்ந்துள்ளது. அதுவே கடைகள் வழங்கும் 'லோயல்ட்டி காட்' எனப்படும் விசுவாச அட்டை. அதன் தோற்றத்தையும் இயல்பையும் விளக்கி, அதனால் உண்மையில் மிச்சம் பிடிக்க வழியுண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

கொட்டியாரக் குடாவின் தென்பால், மூதூருக்கு அணித்தாய் உள்ள கட்டைபறிச்சானை நமது நோக்குமுனையாகக் கொள்வோம். வயலும் கடலும் களப்பும் சேர்ந்து சோறளிக்கும் ஊர் அது. மாரிமழை ஓய்ந்த பின், சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை வெயில் கொளுத்தும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடலோடு ஒட்டும் செயற்கை இழைத் துணி பெருந்தொல்லையாகிவிடும். பருத்திச் சட்டையும் சாரமும் இங்கு நாகரிகத்தின் பாற்பட்டனவல்ல, வேலைசெய்வோரின் தேவை.

இவ்வூரின் அண்மைக்கால வரலாற்றை அட்டைகளின் வரலாறாகவும் எழுதலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 இல், இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. போர்க்காலத்தில் துணியும் பங்கீட்டுக்கு உட்பட்டது. 'கூப்பன்' என மக்கள் அழைத்த அப்புத்தகம், 1979 இல் உணவு முத்திரைத் திட்டம் வரும்வரை, இந்நாட்டு வீடுகளின் முக்கிய ஆவணங்களுள் ஒன்றாயிருந்தது. 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர்ப் பகுதி மக்களுட் பலர், பின்னர் கட்டைபறிச்சான், பட்டித்திடல், கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். சம்பூரில் மீள்குடியேற்றம் 2015 இலேயே தொடங்கியது. அக்காலத்தில் அவர்கள் கையிலிருந்தது நிவாரண அட்டை.

இன்று மூன்றாவது அட்டை வந்துள்ளது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மூதூர் வீதியின் ஏனைய பாலங்களும் அமைந்தன. தோணியையும் இயந்திரப் படகையும் பாதையையும் நம்பியிருந்த மக்கள், திருகோணமலை நகருக்குப் பேருந்திற் செல்லத் தொடங்கினர். நகரின் சந்தை கிராமத்துக்கு அருகில் வந்தது. கடன்கொப்பியில் எழுதிவைத்துத் துணி தந்த உள்ளூர்ப் புடைவைக்கடை முதலாளியின் இடத்தில், தொலைபேசி இலக்கத்தைக் கேட்டுப் புள்ளி பதியும் காசாளர் வந்தமர்ந்தார்.

முதல் அட்டை குடிமகனின் உரிமையைக் குறித்தது. இரண்டாவது ஏதிலியின் இடரைக் குறித்தது. மூன்றாவது வாடிக்கையாளரின் விசுவாசத்தைக் குறிக்கிறது. உரிமை என்ற சொல் இருந்த இடத்தில் விசுவாசம் என்ற சொல் வந்தமர்ந்தமை தற்செயலன்று.

2

வாங்கியதற்கேற்பப் பணம் திரும்பும் முறையைப் பெரிய கடைகளே கண்டுபிடித்தன என்று கருதுதல் தவறு. அது உழைப்பாளர் இயக்கத்தில் வேரூன்றியது. 1844 ஆம் ஆண்டு டிசம்பர் 21 ஆம் நாள், இங்கிலாந்தின் றொச்டேல் நகரில், நெசவாளர் பலர் அடங்கிய முன்னோடிகள் குழு ஒன்று சிறு கடையொன்றைத் திறந்தது. வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி ஆகியனவே அங்கு முதலில் விற்கப்பட்டன. கலப்படமற்ற பண்டத்தைச் சந்தைவிலைக்கு விற்று, எஞ்சிய இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினருக்கே பங்கிடுவது அவர்கள் வகுத்த நெறி. அப்பங்கு எவரும் இரங்கி அளித்ததன்று. கடையின் உடைமையாளர் என்ற வகையில் உறுப்பினர் பெற்றது. கணக்கேட்டைப் பார்க்கவும், முதலீடு எவ்வளவாயினும் ஆளுக்கொரு வாக்கு அளிக்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது.

தனியார் வாணிபம் இம்முறையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தைக் கைவிட்டது. 1896 இல் அமெரிக்காவில் ஸ்பெரி அன்ட் ஹச்சின்சன் நிறுவனம் பச்சை முத்திரைகளை வெளியிட்டது. கடைகள் அவற்றை விலைக்கு வாங்கி வாடிக்கையாளருக்கு அளித்தன. வாடிக்கையாளர் புத்தகத்தில் ஒட்டி, நிரம்பியதும் பொருளாக மாற்றினர். 1981 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் பறந்த மைல்களைக் கணக்கிடத் தொடங்கியது. 1995 இல் பிரித்தானியாவின் ரெஸ்கோ நிறுவனம் 'கிளப்காட்' அட்டையை அறிமுகப்படுத்தியது. இலங்கையில் ஜோன் கீல்ஸ் குழுமத்தின் 'நெக்ஸஸ்' இவ்வகையினது. றொச்டேல் உறுப்பினர் கடையை உடைமையாக வைத்திருந்தார். இன்றைய 'உறுப்பினர்' அட்டையை மட்டுமே வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் 1935 இல் தோன்றிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ், இவ்விரு முனைகட்கும் இடைப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு. பண்டிகைக்காலத் தள்ளுபடியோடு, 'கனவு நனவுத் திட்டம்' என்ற சேமிப்பு முறையையும் அது நடத்துகிறது. வாடிக்கையாளர் மாதந்தோறும் தவணை செலுத்தினால் முடிவுத் தவணையைச் சங்கம் ஏற்று, முழுத்தொகைக்கும் துணி வழங்குகிறது. வாங்குபவரின் சேமிப்பு நெசவாளரின் தறிக்கு வேலையாக மாறுவதே இதன் சிறப்பு.

3

புள்ளி என்பது யாது? கடை அதனைப் பரிசு என்கிறது. கடையின் கணக்கேடு வேறுவிதமாகக் கூறுகிறது. இன்று நடைமுறையிலுள்ள சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 15 இன்படி, விற்பனையின்போது வழங்கிய புள்ளிகளுக்குரிய தொகையை நிறுவனம் உடனடியாக வருமானமாகக் காட்டுவதில்லை. வாடிக்கையாளருக்கு இன்னும் நிறைவேற்றவேண்டிய கடப்பாடாகவே அது பதியப்படுகிறது. அதாவது நாம் செலுத்திய விலையின் ஒரு கூறு, பின்னர் தரவேண்டியதற்காக முன்கூட்டியே பெறப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. புள்ளி நம்முடைய பணமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நாம் மறந்தோ காலங்கடந்தோ கைவிடும் புள்ளிகள் இறுதியில் நிறுவனத்தின் வருமானமாகிவிடுகின்றன.

இதற்கு மேலாக அட்டை இரு பணிகளைச் செய்கிறது. ஒன்று, வாங்கத் தூண்டுதல். 2006 இல் ஜோசப் நூனஸ், சேவியர் டிரேஸ் என்னும் ஆய்வாளர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். கார் கழுவும் நிலையமொன்றில் சிலருக்கு எட்டு முத்திரை தேவைப்படும் வெற்று அட்டை வழங்கப்பட்டது. வேறு சிலருக்குப் பத்து முத்திரை தேவைப்படும், ஆனால் இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்ட அட்டை வழங்கப்பட்டது. இரு சாராரும் எட்டு முறையே வரவேண்டும். எனினும் முதற்சாராருள் 19 வீதத்தினரும் இரண்டாம் சாராருள் 34 வீதத்தினரும் அட்டையை நிறைவுசெய்தனர். தொடங்கிவிட்ட ஒன்றை முடிக்கவேண்டும் என்ற மனித இயல்பு விற்பனைக் கருவியாக்கப்படுவதை இது காட்டுகிறது.

மற்றையது, தகவல் திரட்டல். எந்த வீட்டார் எந்த மாதத்தில் என்ன அளவிற் சட்டை வாங்கினர் என்பது புள்ளியோடு சேர்ந்து பதிவாகிறது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டமை, இத்தகவலுக்குப் பெறுமதியும் அபாயமும் உண்டு என்பதை அரசும் ஏற்றமைக்குச் சான்று.

ஆயினும் அட்டைகள் யாவும் வெறும் ஏமாற்று என்று கூறுதல் விஞ்ஞான நோக்காகாது. பிரித்தானியாவின் போட்டிச் சந்தை அதிகாரசபை 2024 இல் பல்பொருள் அங்காடிகளின் அட்டைக்காரர் விலைகளை ஆராய்ந்து, அவற்றுட் பெரும்பாலானவை வழக்கமான விலையிலிருந்து மெய்யாகவே குறைக்கப்பட்டவை என்று கண்டது. பயன் உண்டு, அதன் அளவையும் நிபந்தனையையும் அறிவதே நமது பணி.

4

அளவை எண்களாற் காண்போம். எடுத்துக்காட்டாக, நூறு ரூபாவுக்கு ஒரு ரூபாப் புள்ளி தரும் கடையில், சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு குடும்பம் 15,000 ரூபாவுக்கு உடுப்பு வாங்குவதாகக் கொள்வோம். கிடைக்கும் புள்ளியின் பெறுமதி 150 ரூபா. கட்டைபறிச்சானிலிருந்து இருவர் திருகோணமலைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமே இதனை விழுங்கிவிடும். அதே உடுப்பைப் பண்டிகை கழிந்த பின் 20 வீதக் கழிவில் வாங்கின் மிஞ்சுவது 3,000 ரூபா, இருபது மடங்கு. ஆகவே, வாங்கும் காலமே முதன்மையானது. புள்ளி இரண்டாம் பட்சமானது. வெயில் புரட்டாதி வரை நீடிக்கும் இப்பிரதேசத்தில், புத்தாண்டுக்கு ஒன்றை மட்டும் வாங்கி, ஏனைய பருத்தி உடுப்புகளை வைகாசிக் கழிவுவிற்பனைக்குத் தள்ளிவைப்பது இயலக்கூடியதே. பழைய புள்ளிகள் இருப்பின் அவற்றையும் அப்போது கழிக்கலாம். கழிவுப் பண்டத்துக்குப் புள்ளி செல்லுமா என்பதை மட்டும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

அடுத்து, எல்லைத்தொகையின் பொறி. '5,000 ரூபாவுக்கு வாங்கினால் 500 ரூபாப் பற்றுச்சீட்டு' என்ற அறிவித்தலைக் கருதுவோம். ஒருவருக்குத் தேவையானது 3,800 ரூபாவுக்குரிய உடுப்பு. பற்றுச்சீட்டுக்காக வேண்டாத பொருளுக்கு 1,200 ரூபா செலவிட்டு 500 ஐப் பெறுவார். 700 ரூபா நட்டம். அந்த 500 உம் மீண்டும் அதே கடையிலேயே செலவாக வேண்டும். தேவைப்பட்டியலை வீட்டிலேயே எழுதி எடுத்துச்செல்வதும், அயல்வீட்டார் இருவர் மூவர் தம் தேவைகளை ஒரே சிட்டையிற் சேர்த்து வாங்கிச் சலுகையைப் பகிர்வதும் இதற்கு மாற்று.

மூன்றாவது, கடன். கடனட்டையில் வாங்கிப் புள்ளி பெறுவோர், அம்மாதமே முழுத்தொகையையும் செலுத்தாவிடின், ஒரு வீதப் புள்ளிக்காக மாதம் ஏறத்தாழ இரண்டு வீத வட்டியைக் கொடுப்பவராவர். நம் ஊர்ப் பெண்கள் நெடுங்காலமாகப் போட்டுவரும் சீட்டு இவ்விடத்து மேலானது. பண்டிகைக்கு முன் சீட்டுக்காசை எடுப்பவர் கைப்பணத்தோடு செல்கிறார். கடன்கொப்பிக்காரர் கேட்கவியலாத விலைக்குறைப்பை அவர் துணிந்து கேட்கலாம்.

நான்காவது, துணியின் ஆயுள். 1,500 ரூபாச் செயற்கை இழைச் சட்டை பதினைந்து முறையோடு ஓயுமாயின், ஒருமுறை உடுக்க 100 ரூபா. 2,400 ரூபாப் பருத்திச் சட்டை அறுபது முறை உழைக்குமாயின், ஒருமுறைக்கு 40 ரூபா. மருதமுனைக் கைத்தறிச் சாரத்துக்குப் புள்ளியில்லை. ஆயினும் அதன் உழைப்பு பல புள்ளிகளுக்கு ஈடு. விலையைவிடப் பயன்பெறுமதியைக் கருத்திற்கொள்வது என்பதன் நடைமுறைப் பொருள் இதுவே.

5

இனி, 'விசுவாசம்' என்ற சொல்லுக்கு வருவோம். ஆற்றுப்படை நூல்களில் புரவலன் பாணரின் பழங்கந்தையை நீக்கிப் புத்தாடை அளிப்பதைக் காண்கிறோம். அக்கொடை பாணரைப் புரவலனின் புகழோடு பிணைத்தது. செஞ்சோற்றுக்கடன் என்ற கருத்தும் உண்டவன் ஊட்டியவனுக்குக் கட்டுப்பட்டவன் என்ற நிலமானிய விழுமியத்தின் வெளிப்பாடே. ஆனால் அங்கே கொடுப்பவன் தன் கையிலிருந்து கொடுத்தான். இன்றைய வாணிபமோ நம்மிடம் வாங்கியதில் ஒரு துளியை நமக்கே திருப்பித்தந்து, பழைய விசுவாசத்தை எதிர்பார்க்கிறது. பண்ட உறவு கொடையுறவின் வேடத்தைப் பூணுகிறது. விலைகொடுத்தவர் எவருக்கும் செஞ்சோற்றுக்கடன் பட்டவரல்லர்.

இவ்வேடம் மற்றொரு உண்மையையும் மறைக்கிறது. சட்டையின் விலை குறையும்போது அக்குறைவை யார் தாங்குகிறார் என்ற வினா எழுவதில்லை. 2013 இல் டாக்காவுக்கருகில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மலிவான ஆடையின் உண்மை விலை உலகுக்குத் தெரிந்தது. 1978 இல் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது முதல் இலங்கைப் பெண்களின் உழைப்பும் இச்சங்கிலியின் கண்ணியாகியுள்ளது. வாங்குபவரும் தைப்பவரும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1866 இல் ஜெனீவாவிற் கூடிய அகிலத்தின் மாநாட்டுக்கான அறிவுறுத்தல்களில், கூட்டுறவுக் கடைகளிலும் கூட்டுறவு உற்பத்தியில் ஈடுபடுமாறே மார்க்ஸ் தொழிலாளருக்குப் பரிந்துரைத்தார். கடை பொருளாதார அமைப்பின் மேற்பரப்பையே தொடுகிறது என்பது அவர் கருத்து. கூட்டுறவுக் கடையே அவ்வாறாயின் விசுவாச அட்டையைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. நம் நாட்டுக் கூட்டுறவுகள் 1970 களில் நீண்ட வரிசைகளாலும் அரசியல் தலையீட்டாலும் மக்களின் வெறுப்பைத் தேடிக்கொண்டதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் பாடசாலை மாணவருக்கு 1993 முதல் இலவசச் சீருடைத்துணி வழங்கப்படும் நாடு இது. உடுப்பு உரிமையாகவும் கிடைக்கலாம் என்பதற்கு அதுவே கண்முன் நிற்கும் சான்று.

எனவே நமது நிலைப்பாடு இதுவாகும்: புள்ளியைக் கைவிடவேண்டியதில்லை, ஏனெனில் அது நம் பணம், காலங்கடக்குமுன் கணக்குப் பார்த்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். கைவிடவேண்டியது விசுவாசத்தையே. கட்டைபறிச்சானில் நாலு பெண்கள் சேர்ந்து சீட்டுக்காசோடும் எழுதிய பட்டியலோடும் பேருந்தேறி, விலை கேட்டு, வேண்டாதபோது வெறுங்கையோடு திரும்பவும் துணிவார்களாயின், றொச்டேல் நெசவாளர் தொடங்கிய பாதையில் அவர்களும் ஓரடி வைத்தவராவர்.