மெயில் எத்தனை மணிக்கு வந்தது? எண்ணைக் கேளுங்கள்!

கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2025 மே 31. மாணவி ஒருவர் அன்றிரவு மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஜூன் 1-ம் தேதிதான் வந்தது’ என்கிறது அலுவலகம். ‘பன்னிரண்டு அடிக்கும் முன்னாடியே அனுப்பிட்டேன்’ என்கிறார் மாணவி. யார் சொல்வது சரி?

மெயிலின் மேலே தெரியும் தேதியைக் காட்டி வாதாட முடியாது. அதை எழுதுவது அனுப்பியவரின் போன் அல்லது கணினி. அதன் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் தேதியும் திரும்பிவிடும். மெயிலை வாங்கிக்கொண்ட சர்வர் என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம்.

பல நிறுவனங்களின் மெயில் சர்வர்களில் ஓடுவது ‘எக்ஸிம்’ என்ற இலவச மென்பொருள். 1995-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் எழுதியது. ஒவ்வொரு மெயிலையும் வாங்கும்போது எக்ஸிம் அதற்கு ஓர் அடையாள எண் போடுகிறது. ‘பெற்றுக்கொண்டேன், எண் இது’ என்று அனுப்பிய சர்வருக்குப் பதிலும் சொல்கிறது. பதிவுத் தபால் ரசீது மாதிரிதான். ஆனால், இந்த ரசீதில் நேரமும் ஒளிந்திருக்கிறது!

எண்ணின் முதல் ஆறு எழுத்துகளில்தான் விஷயம். உதாரணத்துக்கு, நம் மாணவியின் மெயிலுக்குக் கிடைத்த எண் இப்படித் தொடங்குகிறது: ஒன்று, சின்ன யு, பெரிய எல், பெரிய க்யூ, சின்ன க்யூ, சின்ன ஹெச். பத்து இலக்கங்கள், 26 பெரிய ஆங்கில எழுத்துகள், 26 சின்ன எழுத்துகள், மொத்தம் 62. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், எக்ஸிம் 62, 62-ஆக எண்ணுகிறது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை அப்படியே. பெரிய ஏ என்றால் 10, சின்ன ஏ என்றால் 36. அந்தக் கணக்கில் மேலே உள்ள ஆறும் 1, 56, 21, 26, 52, 43.

போனில் கால்குலேட்டரைத் திறங்கள். ஒன்றை 62-ஆல் பெருக்கி 56-ஐக் கூட்டினால் 118. அதை 62-ஆல் பெருக்கி 21-ஐக் கூட்டினால் 7,337. இப்படியே கடைசி வரை போனால் 1,74,87,15,747. இது 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, உலகப் பொது நேரப்படி, கடந்த விநாடிகள். இந்திய நேரத்தில் சொன்னால் மே 31 இரவு 11 மணி 52 நிமிடம் 27 விநாடி. மாணவி ஜெயித்துவிட்டார்.

இத்தனை பெருக்கல் தேவையில்லை. 2023 நவம்பரில் வந்த 4.97 பதிப்பிலிருந்து ‘எக்ஸிம்_எம்எஸ்ஜிடேட்’ என்ற சின்னக் கருவியும் எக்ஸிமுடன் வருகிறது. சர்வரின் கறுப்புத் திரையில் அந்தப் பெயரையும் எண்ணையும் தட்டினால் தேதியும் நேரமும் வந்து விழும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். உலகப் பொது நேரத்தில் 18:22:27 என்று வந்தால், அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். மறந்தால் சாயங்காலமே மெயில் வந்ததாகத் தோன்றும்! அதே 4.97-ல் எண்ணின் நீளமும் 16 எழுத்திலிருந்து 23 ஆகிவிட்டது. முதல் ஆறு எழுத்தின் கணக்கு மாறவில்லை.

மெயிலின் மூலப் பிரதியைத் திறந்தால் எண்ணுக்குப் பக்கத்திலேயே நேரமும் எழுதியிருக்குமே, பிறகு எதற்கு இந்தக் கணக்கு? பல சமயம் கையில் எண் மட்டும்தான் மிஞ்சும். சர்வரின் தினசரிப் பதிவேடுகள் சில நாள்களிலோ வாரங்களிலோ அழிக்கப்படுகின்றன. யாரோ ஒரு புகாரில் குறித்துவைத்த எண் மட்டும் இருந்தாலும் போதும், நேரத்தைச் சொல்லிவிடலாம்.

வக்கீல் மூளை உள்ளவர்களுக்கு இன்னொன்று. இந்த நேரம், மெயிலை வாங்கத் தொடங்கிய நேரம். பெரிய இணைப்பு என்றால் முழுதாக வந்து சேர இன்னும் சில நிமிடங்கள் பிடித்திருக்கலாம். அதோடு, நம்ப வேண்டியது பெற்றுக்கொண்ட சர்வர் போட்ட எண்ணை மட்டும்தான். அனுப்பியவரே சொந்த சர்வர் வைத்திருந்தால், அங்கே போடும் எண்ணை அவர் இஷ்டத்துக்கு எழுதலாம்.

கடைசி எழுத்து விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது. நான்காவது எழுத்து ஏறக்குறைய 64 நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டாவது 171 நாளுக்கு ஒருமுறை. முதல் எழுத்து மாற 29 வருடம் ஆகும். 1999 ஜனவரி 12 முதல் அது ‘1’ ஆகவே நிற்கிறது. 2028 ஜனவரி 24, நம்மூர் நேரம் நள்ளிரவு 12 மணி 11 நிமிடம் 4 விநாடிக்கு அது ‘2’ ஆகும்.